தூக்க மாத்திரையை திடீர்னு நிறுத்தினால் என்ன ஆகும்? எந்தெந்த மருந்தை சட்டென விடக்கூடாது? முழு விளக்கம்

"பத்து வருஷமா இந்த மாத்திரையைப் போட்டுத்தான் தூங்குறீங்க. போதும்மா, இன்னையோட விட்டுடுங்க." செல்போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வரும் மகன், அம்மாவின் மாத்திரை அட்டையை எடுத்துக் குப்பையில் போடுகிறார். அம்மா மேல் உள்ள அக்கறையில்தான் செய்கிறார். பல வீடுகளில் நடக்கும் விஷயம்தான் இது.

முதல் ராத்திரி தூக்கம் வராது. இரண்டாம் நாள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. சிலருக்கு மூன்றாம் நாள் வலிப்பே வந்துவிடும். பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். "பக்கவாதமா இருக்குமோ" என்று ஸ்கேன் எடுப்பார்கள். மூன்று நாளைக்கு முன்பு ஒரு மாத்திரையை நிறுத்தியதை மட்டும் யாரும் டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். அது முக்கியமான தகவல் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

மதுவை நிறுத்துவது பற்றியும், கஞ்சாவிலிருந்து மீள்வது பற்றியும் நிறைய பேசுகிறோம். மெடிக்கல் ஷாப்பில் அட்டை அட்டையாக வாங்கும் மருந்துகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. மருத்துவத் தேவைக்கு வெளியே தூக்க, மயக்க மருந்துகளைப் பயன்படுத்துவோர் நாட்டில் சுமார் 1.18 கோடி பேர் என்று அது கணக்கிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்து, அதை வருடக்கணக்கில் தொடர்பவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

பழக்கம் வேறு, அடிமை வேறு

"நான் என்ன போதைக்கா போடுறேன்?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஒரு மருந்துக்கு உடல் பழகிப்போவது ஒன்று, அடிமையாவது வேறொன்று.

டாக்டர் சொன்ன அளவிலேயே, சொன்ன நேரத்திலேயே சாப்பிட்டாலும் சில மருந்துகளுக்கு உடல் பழகிவிடும். அதற்குப் பிறகு மருந்து கிடைக்காவிட்டால் உடல் தடுமாறும். இது ஒழுக்கக் குறைவும் இல்லை, மனபலக் குறைவும் இல்லை. மருந்தைத் தேடி அலைவது, அளவைத் தானே கூட்டிக்கொண்டே போவது, வேலையும் குடும்பமும் கெட்டும் விட முடியாமல் தவிப்பது, இவைதான் அடிமைத்தனத்தின் அடையாளங்கள்.

ஆனால் ஒரு விஷயம் இருவருக்கும் பொது. திடீரென நிறுத்தினால், அந்த மருந்தைப் பொறுத்து இரண்டு பேருக்குமே ஆபத்து வரலாம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மூளைக்கு ஆக்சிலேட்டரும் உண்டு, பிரேக்கும் உண்டு. 'காபா' எனப்படும் ரசாயனம் பிரேக் மாதிரி வேலை செய்கிறது. அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம், நைட்ரசிபாம் போன்ற மாத்திரைகள் இந்த பிரேக்கை அழுத்திப் பிடிப்பவை. அதனால்தான் பதற்றம் குறைகிறது, தூக்கம் வருகிறது.

வாரக்கணக்கில் யாரோ பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. தன் சொந்த பிரேக்கின் பலத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆக்சிலேட்டரைக் கூட்டிக்கொள்ளும். அந்த நிலையில் மாத்திரையைப் பட்டென்று எடுத்துவிட்டால், பிரேக் தேய்ந்துபோன வண்டி மாதிரிதான். தூக்கமின்மை, நடுக்கம், பயம், சத்தமும் வெளிச்சமும் தாங்க முடியாத நிலை என்று தொடங்கி, மோசமான நிலையில் வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிவது, மனக்குழப்பம் வரை போகும். உயிருக்கும் ஆபத்து வரலாம்.

அல்பிரசோலம், லோரசிபாம் போல உடலை விட்டுச் சீக்கிரம் வெளியேறும் மருந்துகளில் ஓரிரு நாளிலேயே தொந்தரவு ஆரம்பிக்கும். டயசிபாம் போல நீண்ட நேரம் தங்கும் மருந்துகளில் ஒரு வாரம் கழித்துக்கூட ஆரம்பிக்கலாம். "நாலு நாள் ஆச்சே, ஒண்ணும் ஆகலையே" என்று இதனால்தான் நம்பிவிடக்கூடாது.

எவ்வளவு மெதுவாகக் குறைக்க வேண்டும்?

இந்த வகை மருந்துகள் 1960-களில் சந்தைக்கு வந்தபோது, பழைய தூக்க மருந்துகளைவிடப் பாதுகாப்பானவை என்றே பார்க்கப்பட்டன. பழகிப்போதல் பற்றிய எச்சரிக்கை பிறகுதான் வலுத்தது. இங்கிலாந்தின் நியூகாசிலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 12 ஆண்டுகள், இந்த மாத்திரைகளை விட விரும்புவோருக்காகவே ஒரு கிளினிக் நடத்தினார். அவர் சொன்னதன் சாரம் எளிமையானது: மெதுவாகக் குறையுங்கள், நோயாளியின் வேகத்தில் குறையுங்கள். 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகள் எல்லாவற்றுக்கும் கடும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது.

அமெரிக்க மருத்துவ சங்கங்கள் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் மட்டும் குறைத்துத் தொடங்கலாம் என்கிறது. எவ்வளவு வேகமாகப் போனாலும் பொதுவாக இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

ஒவ்வொரு முறையும் குறைப்பது, அப்போது சாப்பிடும் அளவில்தான். உதாரணமாக 1 மில்லிகிராம் சாப்பிடுபவர் முதலில் 0.9-க்கு வருகிறார் என்றால், அடுத்த படி 0.8 இல்லை, 0.81. கீழே வர வர படிகள் சின்னதாகிக்கொண்டே போகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பாதி மாத்திரை வரை சுலபமாக வந்துவிட்டு, "இவ்வளவுதானே" என்று மீதியை ஒரே நாளில் விடுவார்கள். உண்மையில் கடைசிப் படிகள்தான் கஷ்டமானவை.

இதில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. மாத்திரையைக் கால் பங்காக உடைப்பதற்கு மேல் வீட்டில் அளக்க முடியாது. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை உடைக்கவே கூடாது. உடைத்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். நீண்ட நேரம் உடலில் தங்கும் வேறு மருந்துக்கு மாற்றி, அதைக் குறைப்பது ஒரு வழி. அந்தக் கணக்கை டாக்டர்தான் போட வேண்டும்.

சிலருக்குச் சில வாரத்தில் முடியும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். நடுவில் கஷ்டமாக இருந்தால் அதே அளவில் கொஞ்ச நாள் நிற்பதில் தப்பே இல்லை.

நரம்பு வலி மாத்திரையும் லேசுப்பட்டது இல்லை

சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சல், முதுகுவலி ஆகியவற்றுக்கு பிரகாபலின், காபாபென்டின் மாத்திரைகள் நிறைய எழுதப்படுகின்றன. "வைட்டமின் மாத்திரையோட சேர்ந்து வர்றதுதானே" என்று பலர் இதை நினைத்த நேரத்தில் போட்டு, நினைத்த நேரத்தில் விடுகிறார்கள். திடீரென விட்டால் தூக்கமின்மை, குமட்டல், வியர்வை, பதற்றம் வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துக் குறைக்க வேண்டும் என்கிறது பிரகாபலினின் மருந்துக் குறிப்பு. பிரிட்டன் இந்த இரண்டு மருந்துகளையும் 2019 ஏப்ரலில் கட்டுப்படுத்தப்பட்ட போதைப் பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது.

தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபெனும் இதே ரகம்தான். நீண்ட நாள் சாப்பிட்டு திடீரென நிறுத்தினால் மாயத்தோற்றம், வலிப்பு, காய்ச்சல் வரலாம்.

வலிப்பு மாத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை அவசியம். கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்துபோய் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தும் பெண்கள் இருக்கிறார்கள். வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குக் கேடு என்பது உண்மை. ஆனால் வலிப்பு வந்தால் அது தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. அன்றைக்கே டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்வதுதான் வழி.

ஸ்டீராய்டு: உடம்பே மறந்துபோகும் வேலை

ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய்களுக்கு பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் தரப்படுகின்றன. நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, இதே வேலையைச் செய்யும் ஹார்மோனைத் தினமும் சுரக்கிறது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அது சுரப்பதைக் குறைத்துவிடும்.

பொதுவாக மூன்று, நான்கு வாரத்துக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்கள் படிப்படியாகக் குறைக்கத் தேவை இருக்காது. அதைத் தாண்டியவர்கள் பட்டென்று நிறுத்தினால் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. கடும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, ரத்த அழுத்தம் சரிவது, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலோ ஆபரேஷனோ வரும் நேரத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இதில் ஒரு மறைமுகச் சிக்கலும் உண்டு. மூட்டுவலிக்கு 'நாட்டு மருந்து' என்று விற்கப்படும் பெயரில்லாத பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. சாப்பிடுபவருக்குத் தான் ஸ்டீராய்டு சாப்பிடுவதே தெரியாது. முகம் உப்பி, வலி மாயமாக மறைந்து, பொடி தீர்ந்ததும் எழவே முடியாமல் போனால், அந்தப் பொடியையும் கையோடு டாக்டரிடம் எடுத்துப் போக வேண்டும்.

முகம் வெளுக்க என்று வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கிரீம்களும் இப்படித்தான். மாதக்கணக்கில் பூசி நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசுவார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர தோல் மருத்துவரின் உதவி வேண்டும்.

பி.பி. மாத்திரை, மன அழுத்த மாத்திரை

"பி.பி. நார்மல் ஆயிடுச்சு, இனி எதுக்கு மாத்திரை?" தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நார்மல் ஆனதே மாத்திரையால்தான் என்பது ஒரு பக்கம். அடினலால், மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனலால் போன்ற மருந்துகளை திடீரென விட்டால் இதயத்துடிப்பும் அழுத்தமும் எகிறும். ஏற்கெனவே இதயநோய் உள்ளவருக்கு நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். குளோனிடினை விட்டால் ரத்த அழுத்தம் பழைய அளவைத் தாண்டியும் ஏறும். கைநடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் ப்ரோப்ரனலால் சாப்பிடுபவர்கள், "நமக்குத்தான் பி.பி. இல்லையே" என்று இதை அலட்சியம் செய்துவிடக்கூடாது.

மன அழுத்தத்துக்கான மாத்திரைகளில் பராக்சிடின், வென்லாஃபாக்சின் இரண்டும் விடுவதற்குச் சிரமமானவை. தலைசுற்றல், எரிச்சல், அழுகை, தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரலாம். பழைய நோயே திரும்பிவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நிறுத்திய சில நாட்களுக்குள், முன்பு இல்லாத உடல் தொந்தரவுகளோடு வந்தால் மருந்தை விட்டதன் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் வந்தால் நோய் திரும்புவதாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை.

சின்ன விஷயம், பெரிய தொல்லை

உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் பலரைக் கட்டிப்போடும் மூன்று விஷயங்கள் உண்டு.

மூக்கடைப்பு சொட்டு மருந்து: ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகளைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்தால் சொட்டே மூக்கடைப்பை உண்டாக்கும். ஒரு மூக்குத் துளைக்கு முதலில் நிறுத்தி, அது சரியான பிறகு இன்னொன்றுக்கு நிறுத்துவது பலருக்கு உதவும் முறை.

கேஸ் மாத்திரை: பான்டோபிரசோல் வகை மாத்திரையை மாதக்கணக்கில் போட்டு நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். 2009-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், வயிற்றுப் பிரச்சினையே இல்லாத 120 பேரில் ஒரு பாதிக்கு 8 வாரம் இந்த வகை மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் போன்ற தொந்தரவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். "மாத்திரை இல்லாம என் வயிறு தாங்காது" என்று நினைப்பவர்களில் சிலருக்கு அது இந்தத் தற்காலிக எதிர்வினையாக இருக்கலாம்.

தலைவலி மாத்திரை: மாதத்தில் 15 நாளுக்கு மேல் சாதாரண வலி மாத்திரை போடுவது மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகலாம். பல மருந்துகள் சேர்ந்த மாத்திரை என்றால் 10 நாளே போதும்.

'வலி நிவாரணி' போதையில் சிக்கியவர்கள்

சென்னை உள்ளிட்ட நகரங்களில் போலீசார் அடிக்கடி பறிமுதல் செய்யும் 'போதை மாத்திரை'களில் டேபென்டடால், நைட்ரசிபாம் ஆகியவையும் இருக்கின்றன. முதலாவது கடும் வலிக்கான மருந்து, இரண்டாவது தூக்க மருந்து. டிராமடாலை மத்திய அரசு 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது.

டேபென்டடால், டிராமடால் போன்றவற்றை விட்டால் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், மயிர்க்கூச்சம், உடம்பு முறுக்கும் வலி, வயிற்றுப்போக்கு வரும். நரக வேதனை என்றாலும் பெரும்பாலும் இதனால் மட்டும் உயிர் போகாது. உடலில் நீர்ச்சத்து வற்றினால்தான் ஆபத்து. பெரிய ஆபத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. பத்து நாள், பதினைந்து நாள் விட்டவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. மறுபடி பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள் அதனால்தான் ஆபத்தான காலம்.

இதற்கு சிகிச்சை இருக்கிறது. புப்ரினார்ஃபின் போன்ற மருந்தை மேற்பார்வையில் கொடுத்து, தவிப்பை அடக்கி, படிப்படியாக மீட்கிறார்கள். நால்ட்ரெக்சோன் என்ற மருந்தை மட்டும் உடலிலிருந்து பழைய மருந்து முழுக்க வெளியேறும் முன் கொடுக்கக்கூடாது. யாரோ சொன்னார்கள் என்று வாங்கிக் கொடுத்தால் தவிப்பு பல மடங்காகிவிடும்.

தூக்க மாத்திரையையும் இதையும் சேர்த்து எடுப்பவர்களையும், கூடவே குடிப்பவர்களையும் வீட்டிலேயே நிறுத்த வைக்க முயற்சி செய்யக்கூடாது. இவர்களுக்கு மருத்துவமனைதான் பாதுகாப்பு.

சட்டம் இறுகினால் மட்டும் போதுமா?

அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், ஜோல்பிடெம், டிராமடால் எல்லாம் 'ஹெச்1' அட்டவணையில் உள்ளவை. 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த இந்த விதிப்படி, சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. எழுதிய டாக்டர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

விதி அவசியம்தான். ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழைய சீட்டை வைத்தே ஐந்து வருடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு, ஒரு நாள் கடைக்காரர் "இனி சீட்டு இல்லாம தரமாட்டேன்" என்கிறார். கடைக்காரர் செய்வது சட்டப்படி சரி. ஆனால் அந்தப் பெரியவர் அன்று ராத்திரியே திடீர் நிறுத்தத்துக்குத் தள்ளப்படுகிறார். "நாளைக்கே டாக்டரைப் பாருங்க, நீங்களா நிறுத்திடாதீங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் அது ஒரு உயிரைக்கூடக் காப்பாற்றலாம். முதலில் எழுதிக் கொடுக்கும்போதே "இது எத்தனை வாரத்துக்கு, எப்படி நிறுத்துவது" என்று டாக்டர் சொல்லியிருந்தால் இந்த நிலையே வந்திருக்காது.

மறுவாழ்வு மையங்கள் விஷயத்திலும் கவனம் தேவை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, டாக்டர் உண்டா, வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

• மாத்திரையை ஒளித்து வைக்காதீர்கள், தூக்கிப் போடாதீர்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாளாக என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

• வேறு எந்த நோய்க்காக அட்மிட் ஆனாலும், ராத்திரி போடும் மாத்திரையை மறக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் பெரியவர் உளறினால், விட்டுப்போன மாத்திரையும் காரணமாக இருக்கலாம்.

• குறைக்கும் காலத்தில் மது வேண்டாம். தூக்கத்துக்காக வேறு மாத்திரையைத் தானாகச் சேர்க்க வேண்டாம்.

• வீட்டில் கல்யாணம், துக்கம், பரீட்சை இருக்கும் நேரத்தில் குறைக்க ஆரம்பிக்காதீர்கள்.

• "இன்னுமா விடல?" என்று கேட்காதீர்கள். ஒரு படி இறங்கியிருந்தாலும் அது முன்னேற்றம்தான்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டியது எப்போது?

வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாதது தெரிவது, காய்ச்சலோடு உடல் விறைப்பு, நிற்காத வாந்தி, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சு மெதுவாவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக்கூடாது. ஆம்புலன்ஸில் ஏறும்போது காலி மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உதவிக்கு எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் போதை மீட்பு சிகிச்சை கிடைக்கிறது. 2025-ல் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. போதை மீட்பு உதவி எண் 14446. தமிழ்நாடு மருத்துவ உதவி எண் 104.

பி.பி., ஸ்டீராய்டு, கேஸ் மாத்திரைகளுக்கு, அவற்றை எழுதிய டாக்டரே போதும். "இதை நான் எப்போது, எப்படி நிறுத்தலாம்?" என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எந்த நோயாளிக்கும் உரிமை உண்டு. பதில் கிடைக்கும் வரை, இன்றைய மாத்திரையை இன்றைக்குப் போட்டுவிடுங்கள்.